பஸ்ஸில் ஓடிய இதயம்

கண்ணு,

இதை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். சமையலறை மேடைமேல் தாளை வைத்திருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், ஜன்னலுக்குப் போய் மழை விட்டதா என்று பார்க்கிறேன், திரும்பி வந்து இன்னும் இரண்டு வரி எழுதுகிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உக்காந்து எழுதினா எழுத்து வராதா?" என்று கேட்டார். வராது. நேற்று மதியம் நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. "நான் ஜெர்மனி போகலைங்கம்மா. டிக்கெட்டக் கேன்சல் பண்ணீர்றேன். அங்க போய் நான் இருந்துக்கிட்டு, இங்க உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்ன பண்றதுங்க?" என்றாய். நான் வாயெடுப்பதற்குள், "அப்பறம் பேசறேனுங்க" என்று வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்று சொல்வேன், நீ பாதியில் பாய்வாய், நான் குரலை உயர்த்துவேன், உடனே நீ "டென்ஷன் ஆகாதீங்கம்மா, உங்களுக்கு ஆகாது" என்பாய். என் உடம்பைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

உன் பயம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொன்னதில்லை, உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். போன வருஷம், தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுப்பதைப் பற்றிக் கேட்க நீ சென்னையிலிருந்து கூப்பிட்டாய். நான் பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். "சொல்லு கண்ணு" என்றேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். உனக்கோ அதற்கு மேலும் கேட்டிருக்கிறது. போன் தரையில் விழுந்த சத்தம், "மிஸ்! மிஸ்!" என்று பிள்ளைகள் கத்தியது, பிறகு காற்றுச் சத்தம் மட்டும். நீ ஆபீஸ் மாடிப்படியில் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயாம். யாரும் எடுக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாமே. இருக்கும். பெற்ற தாய் விழும் சத்தத்தைக் கேட்ட காது அதை எளிதில் விடாது.

ஆனால் நீ கேட்டது பாதிதான். போனுக்கு இந்தப் பக்கம் நடந்ததை நான் சொல்ல வந்தபோதெல்லாம், "வேண்டாங்கம்மா, அதப் பேசாதீங்க" என்று எழுந்து போய்விட்டாய். இப்போது படி. நான் விழுந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இன்னொருத்தி பந்துகள் இருந்த பையை இழுத்து வந்து என் காலுக்கு அடியில் கொடுத்தாள். கூட்டமாக வந்து நின்றவர்களை, "காத்து வர விடுங்கடி" என்று ஒருத்தி விரட்டினாள். அதைத்தான் நீ கூச்சல் என்று கேட்டாய். ஒருத்தி தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள். இன்னொருத்தி ரோட்டுக்கு ஓடி, பச்சைத்தேயிலை ஏற்றி வந்த ஜீப்பை மறித்து நிறுத்தினாள். இதெல்லாம் நான் முதலுதவி வகுப்பில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நான் கண் திறந்தபோது ஒரு பிள்ளை தன் தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "ரவுண்டை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டேனாம். அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். யாருக்கும் போன் ஞாபகம் வரவில்லை. அது புல்லில் கிடந்து உன் குரலில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதை மட்டும் என்னால் சிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் விழுந்தது திடீரென்று நடந்ததல்ல. அதற்குப் பல மாதங்கள் முன்பே எனக்கு ஏதோ சரியில்லை. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு மேடேறும்போது கால் இரண்டும் ஈரச் சாக்குமாதிரி கனக்கும். பிள்ளைகளோடு ஒரு சுற்று ஓடினால் கண் முன்னால் பூச்சி பறக்கும். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மற்ற ஆசிரியைகளும் அதையே சொன்னார்கள். "மாதவிலக்கு நிக்கற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கோயம்புத்தூரில் டாக்டர் என்னை டிரெட்மில்லில் ஏற்றி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வேகத்தைக் கூட்டினார். எனக்கு வாய் உலர்ந்து மூச்சு இரைத்தது. ஆனால் இதயமோ ஐம்பதுக்குப் பக்கத்திலேயே, ஒன்றும் நடக்காத மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. "உடம்பு ஓடுதுங்க. இதயம் சோபாவுல உக்காந்திருக்குதுங்க" என்றார் அவர். உடம்பு உழைக்கும்போது தசைகளுக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அதற்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டும். என் இதயத்தில் அந்த வேகத்தைக் கிளப்பிவிடும் இடம் சோர்ந்துபோயிருந்தது. சில நேரம் அடிக்கவே மறந்து நின்று யோசித்திருக்கிறது. அப்படி யோசித்த ஒரு சமயத்தில்தான் நான் விழுந்தேன்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றதும் நீ கேட்ட கேள்விகளையெல்லாம் நான் மறக்கவில்லை. பேட்டரி எத்தனை வருஷம், செல்போன் பக்கத்தில் வைக்கலாமா, இடி இடித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டாய். உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "இவங்க ஸ்கூலுக்குப் போலாங்களா?" டாக்டர் போகலாம் என்றதும் அவர் பெருமூச்சு விட்டு, "நல்லதுங்க. இவங்கள ஊட்டுல உக்கார வெச்சா நாங்கதானுங்க ஆஸ்பத்திரிக்கு வரோணும்" என்றார். டாக்டர் சிரித்தார், நீ சிரிக்கவில்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வெறும் குறைந்தபட்ச வேகத்தைக் காப்பாற்றும் கருவி எனக்குப் போதாது, உடம்பு அசைவதற்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிதான் வேண்டும் என்றார். அதற்குள் அசைவை உணரும் ஒரு சிறு பொருள் இருக்கும். நடந்தால் மேலுடம்பு குலுங்கும். அந்தக் குலுக்கத்தைக் கொண்டு, இவள் நடக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அடிப்பைக் கூட்டும். நின்றால் மெல்லக் குறைக்கும். கேட்க எவ்வளவு எளிதாக இருந்தது!

வைத்த புதிதில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். இதயத்துக்குள் போன ஒயர் நகர்ந்துவிடுமாம். விடுப்பு முடிந்து நான் பள்ளிக்கூடம் போனபோது வலது கையை மட்டும் தூக்கி உடற்பயிற்சி காட்டினேன். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு கையை மட்டும் தூக்கிச் செய்தார்கள். "ரெண்டு கையும் தூக்குங்கடி" என்றால், "நீங்க ஒண்ணுதானுங்க மிஸ் தூக்கறீங்க" என்றார்கள். அந்த வாரம் நீ வந்தாய். என் மணிக்கட்டில் அந்தக் கடிகாரத்தைக் கட்டிவிட்டாய். என் நாடித்துடிப்பு உன் போனில் தெரியும் என்றாய். மகன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறானே என்று எனக்குப் பெருமைதான். கொண்டுபோய் எல்லா டீச்சர்களுக்கும் காட்டினேன்.

பெருமை சீக்கிரமே கரைந்தது. குந்தா போகும் பஸ்ஸில் நான் போகும் வழி உனக்குத் தெரியும். மண் சரிந்த பிறகு போட்ட ரோடு, போட்ட பிறகு மறுபடி சரிந்த ரோடு. ஒரு நாள் காலையில் பஸ் அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, "ஏனுங்க டீச்சர், குளிருல போயி வேர்க்குதுங்க?" என்றார். அதே நேரம் உன் போன்.

"எங்கீங்கம்மா இருக்கறீங்க?"

"பஸ்ஸுல கண்ணு."

"பொய் சொல்லாதீங்கம்மா. நூத்திப் பதினஞ்சு காட்டுது. கிரவுண்டுல ஓடீட்டு இருக்கறீங்க."

"பஸ்ஸுலதாண்டா இருக்கேன். சத்தம் கேக்கலையா?"

"டாக்டர் மெதுவா ஆரம்பிக்கச் சொன்னாருங்களே. நீங்க யாரு பேச்சத்தான் கேட்டிருக்கறீங்க?"

பஸ் முழுக்க மக்கள். கண்டக்டரிடம் போனைக் கொடுத்து சாட்சி சொல்லச் சொல்வதா? போனை வைத்துவிட்டேன். பிறகு பஸ்ஸை விட்டு இறங்கி, ஆரஞ்சு மரத்தைத் தாண்டி அந்தச் செங்குத்து மேட்டில் ஏற ஆரம்பித்தேன். மேடு ஆனதால் மெதுவாகத்தான் கால் வைப்பேன். பாதி தூரம் போனதும் பழையபடி கால் கனத்தது, மூச்சு வாங்கியது, பூச்சி பறந்தது. வேலி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எழுபது. உட்கார்ந்திருந்தபோது ஓடிய இதயம், ஏறும்போது நடக்கக்கூட மாட்டேன் என்றது. மேட்டில் நான் மூச்சு வாங்கியபோது நீ கூப்பிடவில்லை. உன் போனில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

இது தினமும் நடந்தது. பஸ்ஸில் உன் போன் வரும், "எறங்கி உக்காருங்கம்மா" என்பாய். உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்பேன். நம்ப மாட்டாய். மேடேறி மைதானத்துக்கு வந்து, முகம் வெளுத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, "இப்பத்தான் நல்லா இருக்குதுங்க, இப்படியே இருங்க" என்று செய்தி அனுப்புவாய். எனக்கு எரிச்சல் தாங்காது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் அலட்சியம் செய்யவில்லை. என்னை வராந்தாவில் வேகமாக நடக்கவிட்டுப் பார்த்தார். வழவழவென்ற சமதளத் தரை. நடந்தேன், அடிப்பு அழகாக ஏறியது, நின்றேன், அழகாக இறங்கியது. "பழகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுங்க, அப்பறமும் இருந்தா வாங்க" என்றார். உன்னிடம் சொன்னேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. உங்களுக்குப் பயம். விழுந்ததுலருந்து பயந்துட்டீங்க. வேலைய விட்டுட்டு எங்கூட வந்துருங்க."

கண்ணு, அந்த வார்த்தை எனக்குச் செய்ததை நீ அறிய வேண்டும். நான் கோபப்படவில்லை. நம்பிவிட்டேன். ஒருவேளை பயம்தானோ என்று நினைக்க ஆரம்பித்தேன். மைதானத்துக்குப் போவதைக் குறைத்தேன். நாற்காலியைப் போட்டு ஓரத்தில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதினேன். பிள்ளைகள் ஓட்டத்தை நடையாக்கினார்கள். அதையும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் ஒரு வேலையும் ஓடாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன், பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்ப்பேன். உன் அப்பா தேயிலை ஏல நாளில் ஆபீஸிலிருந்து களைத்து வருவார், அவர்மேல் பாய்வேன். அவர் ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கு டாக்டருப் படிப்பு தெரியாது. ஆனா முப்பது வருஷமா உன்னையப் பாக்கறேன். நீ பயந்தா எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும். இது பயமில்ல. பையன ஒருக்கா அந்த பஸ்ஸுல வரச் சொல்லு."

நீ பொங்கல் முடிந்து கூடுதலாக இரண்டு நாள் தங்கினாய். அப்பா என்ன சொல்லித் தங்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. பள்ளி திறந்த அன்று காலையில் என்னோடு பஸ் ஏறினாய். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை நம்பாமல் என் மணிக்கட்டை விரலால் பிடித்துக்கொண்டாய். நல்ல ரோட்டில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாய், பார்த்தீங்களா என்பது போல. பிறகு அந்தச் சரிந்த ரோடு வந்தது. பஸ் குதித்தது. உன் விரலுக்குக் கீழே என் நாடியும் குதிக்க ஆரம்பித்தது. உன் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என் காலைப் பார்த்தாய், கையைப் பார்த்தாய், நான் எங்கேயாவது அசைகிறேனா என்று தேடினாய். நான் பொம்மைமாதிரி உட்கார்ந்திருந்தேன். "அம்மா, நீங்க ஒண்ணுமே பண்ணலீங்களே" என்றாய். "அதத்தானடா நானும் சொல்றேன்" என்றேன்.

மேட்டில் ஏறும்போது நீ என் பையை வாங்கிக்கொண்டாய், கையை விடவில்லை. பாதியில் நான் நின்றேன். நாடி மெதுவாக, சோம்பேறித்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. என் உதடு வெளுத்திருந்தது என்று பிறகு சொன்னாய். வேலி ஓரத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு நீயும் மண்ணிலேயே உட்கார்ந்தாய். நல்ல பேன்ட், ஈர மண். "நான் உங்கள நம்பலீங்களேம்மா. தெனமும் நீங்க சொல்லீட்டேதான இருந்தீங்க" என்றாய். உனக்கு அழுகை வந்தது. நீ சிறு வயதிலும் இப்படித்தான், சத்தம் போடாமல் அழுவாய். "எந்திரி, பெல் அடிச்சிரும்" என்றேன்.

மறுநாள் கோயம்புத்தூர். டாக்டர் நாம் சொன்னதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, கருவியைச் சரிபார்க்கும் பெண்ணை வரவழைத்தார். சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. கணினியோடு இணைந்த தட்டையான ஒன்றை என் தோளுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே, "அம்மா எந்த ஊருங்க?" என்று கேட்டாள். நீ என்னை முந்திக்கொண்டு பஸ்ஸையும் மேட்டையும் பற்றிச் சொன்னாய். அவள் கேட்டுவிட்டு எழுந்தாள். "வராந்தா வேண்டாங்க. படிக்கட்டுக்குப் போலாம்" என்றாள். படி ஏறினேன். மெதுவாக, மேடேறுவதுபோல. மூச்சு வாங்கியது, அடிப்பு கொஞ்சம்தான் ஏறியது. இறங்கினேன். இறங்குவதில் என்ன கஷ்டம்? ஆனால் ஒவ்வொரு படிக்கும் உடம்பு பொத்துப் பொத்தென்று அதிர்ந்தது, அடிப்பு விறுவிறுவென்று ஏறியது. அவள் உன்னைப் பார்த்து, "கருவி மேல தப்பில்லீங்க. அதுக்குக் குலுக்கம் மட்டுந்தான் தெரியுது. உங்கம்மாவுக்கு எது கஷ்டம்னு தெரியல" என்றாள்.

அந்தக் கருவிக்குள் இன்னொரு உணரியும் இருக்கிறதாம். மூச்சைக் கவனிப்பது. நெஞ்சு விரிவதையும் சுருங்குவதையும் இதயத்துக்குப் போகும் ஒயர் வழியாகவே அறிந்துகொள்ளும். மேட்டில் மெதுவாக ஏறினாலும் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வரும், அதைக் கொண்டு அடிப்பைக் கூட்டும். பஸ்ஸில் எவ்வளவு குலுங்கினாலும் மூச்சு அமைதியாகத்தான் இருக்கும், அதனால் ஏமாறாது. சமதளத்தில் நடக்கிற பெரும்பாலானவர்களுக்கு அசைவு மட்டுமே போதும் என்பதால் முதலில் அதை மட்டும் வைத்துவிட்டுப் பார்ப்பார்களாம். டாக்டர் தலையாட்டினார். குலுக்கத்துக்கான உணர்வைக் குறைத்து, மூச்சுக்கானதைத் திறந்துவிட்டார்கள். அது என் சாதாரண மூச்சைப் பழகிக்கொள்ள நேரம் வேண்டும் என்று சாப்பிட அனுப்பினார்கள். கேன்டீனில் நீ தயிர்சாதத்தைத் தொடவே இல்லை. திரும்பி வந்து படி ஏறினேன். மேல் படியில் நின்று பேசினேன் கண்ணு. மூச்சு வாங்காமல் பேசினேன்.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உனக்குத் தெரியாதது இது. முதல் வாரம் மூச்சுக்கான உணர்வு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பிள்ளைகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. தனியாகப் போய் மறுபடி சரிசெய்துகொண்டு வந்தேன். உன்னிடம் சொன்னால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாள், தேதியெல்லாம் ஞாபகமில்லை, நான் அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பவித்ரா போய்க்கொண்டிருந்தாள். மேலே தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அவள் மேட்டை மேடாகவே நினைப்பதில்லை, பேசிக்கொண்டே ஏறுவாள். அன்றைக்கு அவள் பேச நானும் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறேன். வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, வழியில் நான் நிற்கவே இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஏறினவளுக்கு எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அன்று நாற்காலியை ஸ்டோர் அறைக்குள் போட்டுப் பூட்டினேன். நடையை ஓட்டமாக்கினேன். பிள்ளைகள் முனகினார்கள்.

இதையெல்லாம் நான் எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட அல்ல. நீ வந்து கையைப் பிடித்துப் பார்த்தாய், பார்த்த உடனே நம்பினாய், மறுநாளே கூட்டிப்போனாய். நீ சொன்னதால்தான் அந்தப் பெண் படிக்கட்டுக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகும் நீ மாறவில்லையே, அதுதான் என்னை நிற்கவிடாமல் அடிக்கிறது. நான் மேடேறுகிறேன், நீ இன்னும் அன்று நின்ற ஆபீஸ் மாடிப்படியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாய். உன் அறையில் இருப்பவன் சொன்னான், நீ ஆபீஸ் வேலைக்கு நடுவில் போனை எடுத்து என் துடிப்பைப் பார்க்கிறாயாம். சினிமாவுக்குப் போனால்கூடப் பாதியில் வெளியே வந்து பார்க்கிறாயாம். சாப்பாட்டில் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறதாம். எனக்கு வைத்த கருவி என்னை எழுப்பி நடக்க வைத்தது. உனக்கு என்ன ஆயிற்று? இருபத்தேழு வயதில் நீ ஏன் இப்படி அசையாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டாய்? நீ ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, நீயே தேடி வாங்கிய ஜெர்மனி வேலை. அது கிடைத்த அன்று கத்திய கத்தலில் உன் அப்பா காதிலிருந்து போனைத் தூர வைத்துக்கொண்டார்.

நான் உனக்குப் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கு எதுவுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். கருவிக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் அது வேகம் கூட்டாது, நான் இனி பந்தயம் ஓட முடியாது. சில வருஷம் கழித்துப் பேட்டரி மாற்ற மறுபடி கத்தி வைப்பார்கள். இதற்கு நடுவில் வேறு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நீ சென்னையில் இருந்தபோதும் நான் விழுந்தேன். நீ அன்று ராக்கெட்டில் ஏறியிருந்தாலும் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் வந்திருக்க முடியாது. எனக்கு ஒன்றென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், அதற்காகத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உன் அப்பாவும் கற்றுக்கொண்டிருக்கிறார். தலையணையை வைத்து நெஞ்சை அழுத்திப் பழகினார், பஞ்சு வெளியே வந்துவிட்டது. நீ அங்கே போய் யாருக்காவது பக்கத்தில் இருப்பவனாக இரு. அது போதும்.

பயம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. முதல் நாள் நாற்காலியை உள்ளே பூட்டிவிட்டு, மாலை வரை சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். இப்போதுகூட, நீ அந்த ஊர்க் குளிரில் என்ன சாப்பிடுவாய், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்று நினைத்தபடி வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். அதற்காக உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நீயும் எனக்காக நிற்காதே. நீ நின்றால் அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு நான் மேடேற வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் ஈடு கொடுக்காது.

கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். நேற்று நீ போனை வைத்ததும் கழற்றினேன். உன் போனில் ஒன்றும் தெரியாமல் பதறி அப்பாவைக் கூப்பிட்டாய், அவர் "நல்லாத்தான் இருக்கறாங்க, துணி மடிக்கறாங்க" என்றார் அல்லவா? அப்போது நான் துணி மடிக்கவில்லை, வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். பரிசோதனைக்கு முறையாகப் போகிறேன், முடிவுகளை உனக்கு அனுப்புகிறேன். அதற்கு மேல் என் துடிப்பு என்னோடு இருக்கட்டும்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. சனிக்கிழமை உன் விமானம். உன் அப்பா வெள்ளிக்கிழமையே கிளம்பிச் சென்னைக்கு வருகிறார், உன்னை ஏற்றிவிட்டுத் திரும்புவார். லீவு சொல்லிவிட்டார், உனக்கு நல்ல தேயிலையாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். நான் வரவில்லை. கோபமில்லை கண்ணு. அன்றைக்கு ஊட்டியில் மாவட்டத் தடகளப் போட்டி. பவித்ரா மூவாயிரம் மீட்டர் ஓடுகிறாள். எங்கள் பள்ளியிலிருந்து மாவட்டம் வரை வந்த முதல் பிள்ளை. அவளுக்கு ஷூ கொஞ்சம் பெரிது, முன்னால் துணி வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும், அதை வேறு யாரும் சரியாகச் செய்ய மாட்டார்கள். முதல் சுற்றிலேயே எல்லா வேகத்தையும் கொட்டிவிடுவாள், வேலிக்கு வெளியே நின்று நான் கத்தினால்தான் அடங்குவாள். கடைசிச் சுற்றில் அவளோடு கொஞ்ச தூரம் நானும் வெளியே ஓடுவேன். என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

நீ போய் இறங்கியதும் கூப்பிடு. நான் எப்படி இருக்கிறேன் என்று முதலில் கேட்காதே. பவித்ரா எத்தனையாவதாக வந்தாள் என்று கேள்.

அம்மா